சிறிய காரும் இரட்டைத் தேரும்

யாத்திரை என்றதும் நம்மவர் முதலில் எண்ணுவது போகும் ஊரையன்று. கொண்டு போகும் மூட்டையையே. எங்கள் வீட்டிலும் அப்படியேதான். ஆனால் இம்முறை எங்களை மலைக்க வைத்தது மூட்டையன்று, ஒரு வண்டி. காருக்குள் வண்டியை ஏற்றுவதா, வண்டிக்காகக் காரில் ஒருவரை இறக்குவதா என்பதே கேள்வி.

எங்களுக்குப் பதினான்கு மாதத்து இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் இளையவளைவிட ஏழு நிமிடம் பெரியவன். இருவரையும் ஒருங்கே அமர்த்தித் தள்ளிச் செல்லும் இரட்டைத் தள்ளுவண்டி ஒன்று வீட்டில் உண்டு. வெள்ளவத்தைக் கடற்கரையோர வீதியில் மாலைதோறும் அது போவதைக் கண்டவர்கள் அதனைத் தேர் என்றே அழைப்பார்கள். எங்கள் காரோ மிகவும் சிறியது. ஐந்து பேர் அமரலாம் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு.

வைகாசி மாத இறுதியில் ஒரு வார விடுமுறை கிடைத்தது. யாழ்ப்பாணம் தென்மராட்சியில், வரணியில், என் தாயாரின் தாயார் இருக்கின்றார். வயது எண்பத்தெட்டு. பூட்டப்பிள்ளைகளை அவர் இன்னும் கண்டதில்லை. தொலைபேசித் திரையில் கண்டதைக் கண்டதென்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. "கையால தொட்டுப் பாத்தால்தான் கண்டது" என்பார். ஆகவே புறப்பட்டே ஆகவேண்டும். நான் காரோட்ட, அம்மா முன் ஆசனத்தில் இருக்க, பின்னே இரு குழந்தை இருக்கைகளுக்கும் நடுவே மனைவி ஒடுங்கியிருப்பது என்று முடிவாயிற்று. எஞ்சியது தேர்.

இரட்டைத் தள்ளுவண்டிகளில் இருவகை உண்டு. ஒருவகையில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இருப்பர். அது அகலம் குறைந்தது, நீளம் கூடியது. மற்ற வகையில் இருவரும் அருகருகே இருப்பர். எங்களுடையது இரண்டாவது வகை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகலாம் என்பதற்காக அதை வாங்கினோம். வாங்கும்போது வீட்டு வாசலின் அகலத்தை அளந்தோமேயன்றிக் காரின் டிக்கியை அளக்க நினைக்கவில்லை. இனி வாங்கப் போகும் பெற்றோருக்கு இதுவே நான் சொல்லும் முதற்புத்தி: அளவு நாடாவைக் கையிலெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் அனுமதித்தால் வண்டியைக் காரில் ஏற்றியே பார்த்துவிடுங்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை நாடாவை எடுத்தேன். மடித்த வண்டியின் நீளம் 98 சென்ரிமீற்றர், அகலம் 76, சக்கரங்களோடு சேர்த்த தடிப்பு 40. டிக்கியில் இரு சக்கர வளைவுகளுக்கும் இடைப்பட்ட அகலம் 100. தரையில் ஆழம் 58. தரையிலிருந்து கூரை வரை உயரம் 82. இவ்வளவும் பார்க்கும்போது இடம் தாராளமாக உண்டென்றே தோன்றும். ஆனால் பின் கதவு மேலே போகப் போக உட்புறமாகச் சரிகின்றது. கண்ணாடி மட்டத்தில் ஆழம் 36 மாத்திரமே. காரின் விளம்பரத் தாளில் டிக்கியின் கொள்ளளவை இத்தனை லீற்றர் என்று எழுதியிருப்பார்கள். லீற்றர்க் கணக்கு நீருக்குப் பொருந்தும். நீர் எந்த மூலைக்குள்ளும் புகும். இரும்புச் சட்டம் புகாது.

கிடையாகப் படுக்க வைத்தேன். 76 அகலம் 58 ஆழத்துக்குள் அடங்க மறுத்தது. நிமிர்த்தி நிறுத்தினேன், 98 நீளம் 82 உயரத்தில் இடித்தது. பக்கவாட்டில் சாய்த்து, நீளத்தைக் குறுக்காகவும் அகலத்தை உயரமாகவும் வைத்தேன். உள்ளே போயிற்று. மகிழ்ச்சியோடு கதவை இறக்கினேன். நான்கு விரற்கடை இடைவெளியோடு கதவு நின்றுவிட்டது. அழுத்தினால் கண்ணாடிதான் உடையும்.

எஞ்சிய வழி, பின்னிருக்கையின் ஒரு பகுதியை மடிப்பது. அப்படிச் செய்தால் வண்டி சுகமாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் குழந்தை இருக்கைகள் இரண்டையும் மறுபகுதியில் நெருக்க வேண்டும், மனைவி முன்னே வரவேண்டும், அம்மாவுக்கு இடமிராது.

நான் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றதை அம்மா வாசலில் இருந்து பார்த்திருக்கிறார். மெல்ல வந்து, "தம்பி, நான் ரெயினில வாறன். கொடிகாமத்தில இறங்கினால் ஓட்டோ பிடிச்சுப் போகலாம். வண்டிலை விட்டிட்டுப் போகாதை, அவளால ரெண்டையும் தூக்க ஏலாது" என்றார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. இரு பிள்ளைகளும் சேர்ந்து பதினெட்டு கிலோ. பிரசவத்தின் பின் மனைவிக்கு இடுப்பு நோவு இன்னும் தீர்ந்தபாடில்லை. பகலில் அவர்கள் உறங்குவதும் அந்த வண்டியில்தான். ஆயினும் முழங்கால் வாதத்தோடு, தனியே, தன் தாயாரைக் காண அம்மா புகையிரதமேறுவதா? பேரப்பிள்ளைகளைப் பூட்டியின் மடியில் வைக்கும் அந்தக் கணத்துக்காகப் பத்து மாதம் காத்திருந்தவர் அவரல்லவா?

"மாமி இல்லாமல் நாங்கள் போறதில்லை. வண்டில் நிக்கட்டும்" என்றாள் மனைவி. "பிள்ளையளை ஆர் தூக்கிறது?" என்றார் அம்மா. இருவரும் விட்டுக்கொடுப்பதில் போட்டியிடுவதைக் கண்டு எனக்கு வெட்கமாயிருந்தது. இடம் தேடவேண்டியவன் நானே.

அன்றிரவு வண்டியை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு ஆராய்ந்தேன். குழந்தை வண்டியின் வரலாறு சுவையானது. 1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ற் என்னும் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார். அதனை இழுப்பதற்கு ஆடோ மட்டக்குதிரையோ பூட்டுவதாம். பின்னர் வந்த வண்டிகளும் பல காலம் பெரிய தொட்டில்களாகவே இருந்தன. 1965இல் ஓவன் மக்லாரன் என்னும் விமானப் பொறியியலாளர், தம் பேரப்பிள்ளையின் பாரமான வண்டியோடு மகள் படும் பாட்டைக் கண்டு, குடைபோல மடியும் இலேசான வண்டியை அமைத்தார். 'ஸ்பிற்ஃபயர்' போர்விமானத்தின் சக்கரக் கால்களில் வேலை செய்து பழகியவர் அவர். வானில் ஏறியதும் கால்களை மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் விமானத்தின் வித்தை குழந்தை வண்டிக்கு வந்து சேர்ந்தது. போருக்காகக் கற்ற ஒன்று தாய்மாருக்குப் பயன்பட்டதென்றால் அதைவிட நல்ல முடிவு எந்தக் கல்விக்கு வேண்டும்?

சக்கரக் கால் என்ற எண்ணம் வந்ததும் என் கை தானாகப் பின்சக்கரத்தின் நடுவே சென்றது. அங்கே ஒரு சிறு பொத்தான். அழுத்தினேன், சக்கரம் கழன்று கையோடு வந்தது. ஓராண்டாக அந்த வண்டியைத் தள்ளியும் பொத்தானை நான் கவனித்ததில்லை! பின்சக்கரங்கள் கழன்றதும் தடிப்பு 40இலிருந்து 29ஆகக் குறைந்தது. டிக்கியின் மேலே கிடந்த தட்டைக் கழற்றி வீட்டில் வைத்தேன். வண்டியின் ஒரு முனையை முதலில் நுழைத்து, சரித்து, பின் நிமிர்த்தி, இருக்கையின் முதுகோடு சாத்தினேன். கதவு 'டக்' என்று பூட்டிற்று. முற்றத்து விளக்கின் கீழே நின்ற அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தம் சேலைகளை அடுக்கத் தொடங்கினார்.

ஆனால் கதவு பூட்டியதோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. மாணவர்கள் பௌதிகத்தில் படிக்கும் நியூற்றனின் முதலாம் விதியை இங்கே நினைக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரினுள்ளே கிடக்கும் பொருளும் அதே வேகத்தில் ஓடுகின்றது. கார் சட்டென்று நின்றாலும் பொருள் நிற்பதில்லை. எங்கள் தேரின் நிறை 13 கிலோ. அதன் முன்னே இருப்பவை இரண்டு சின்னத் தலைகள். ஆகவே தடித்த பட்டிகள் இரண்டினால் சட்டத்தைத் தரையிலுள்ள கொளுவிகளோடு இறுக்கி, மேலேயும் இருக்கையின் தலைதாங்கித் தண்டுகளோடு பிணைத்தேன். பின் கண்ணாடியின் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. அதற்குரிய விலையாக இரு பக்கக் கண்ணாடிகளையும் சரிசெய்துகொண்டு, பின்னோக்கி எடுக்கும்போதெல்லாம் மனைவியை இறங்கிப் பார்க்கச் சொல்வதென்றும், வேகத்தை அடக்குவதென்றும் விதித்துக்கொண்டேன்.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். வரணிக்கு ஏறக்குறைய 370 கிலோமீற்றர். நீர்கொழும்பு இருட்டில் கழிந்தது. சிலாபத்தில் வானம் வெளுத்தது; முன்னேசுவரம் இருந்த திசையை நோக்கி அம்மா கைகூப்பினார். புத்தளத்தில் உப்பளங்களின்மேல் வெயில் விழுந்து மின்னிற்று. வீதியோரத்தில் கழுதைகள் இரண்டு நின்றன. இளையவள் அவற்றைக் கண்டு கூவினாள். மூத்தவன் உறங்கினான். இரட்டையரின் ஒற்றுமை அவ்வளவே.

அநுராதபுரத்தில் நுவரவாவியின் அணைக்கட்டருகே நிறுத்தினோம். பரந்த நீர், குளிர்ந்த காற்று, நடப்பதற்குச் சமதரை. தேரை உருட்ட இதைவிடத் தகுந்த இடமில்லை. ஆனால் சக்கரங்கள் எங்கே? பையொன்றிற் போட்டு டிக்கியின் அடிமூலையில் வைத்திருந்தேன். அதன்மேல் உடுப்புப் பை, அதன்மேல் பால்மாப் பேணி, அதன்மேல் ஆச்சிக்கென்று அம்மா வாங்கிய வெள்ளைச் சேலையும் பேரீச்சம்பழமும். யாவற்றையும் புல்லின்மேல் இறக்கி, சக்கரம் பூட்டி முடிக்க இருபது நிமிடம். அதற்குள் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து அழுது, குளக்கரைக் கொக்குகளையும் பறக்கவிட்டார்கள். அன்று படித்த பாடம்: முதலில் வேண்டியதைக் கடைசியில் ஏற்று. பாரமானது அடியிலும் இருக்கையை ஒட்டியும் இருக்கட்டும். சக்கரப் பை மட்டும் கதவோரம் இருக்கட்டும். ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் மாத்திரம் எதையும் வைக்காதீர். உருண்டு வந்து மிதிகட்டையின் கீழ் அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

சக்கரம் பூட்டிய பின் அரைமணி நேரம் அணைக்கட்டில் தேர் ஓடிற்று. இருவரும் உறங்கினர். மனைவி முதன்முறையாக வெறுங்கையோடு நடந்து வாவியைப் பார்த்தாள். அந்த ஒரு காட்சிக்காகவே வண்டியைக் கொண்டுவந்தது தகும் என்று பட்டது.

மதவாச்சியில் ஏ-9 வீதியிற் கலந்து, வவுனியா, ஓமந்தை, புளியங்குளம் என்று வடக்கே சென்றோம். இருமருங்கும் வன்னிக் காடு. இந்த வீதி 2006இல் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே மீளத் திறந்தது. இடைக்காலத்தில் கொழும்பிலிருந்தவர் யாழ்ப்பாணம் போகக் கப்பலையோ விமானத்தையோ நாடவேண்டியிருந்தது. புகையிரதமோ 1990இல் வவுனியாவுக்கு அப்பால் நின்றுபோய் 2014இலேதான் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. மாங்குளத்தைக் கடக்கையில் அம்மா சொன்னார்: "உன்னை மடியில வைச்சு யாழ்தேவியில எத்தினை தரம் போயிருப்பன். அப்ப ஒரு பெட்டி, ஒரு கூசா, நீ. அவ்வளவுதான்." சற்று நேரம் கழித்து, "ஆனால் ஒருத்தன்தானே!" என்று சிரித்தார்.

முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்பதுபோல் நாமும் நின்றோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். அங்கே தேரை இறக்கவில்லை. பத்து நிமிடத்து வேலைக்கு இடுப்பே போதும். மூத்தவனை நானும் இளையவளை அம்மாவும் தூக்கிக்கொண்டோம். முழங்கால் வாதத்தை அவர் அப்போது மறந்தேபோனார்.

கிளிநொச்சி, பரந்தன் கழிந்து ஆனையிறவு வந்தது. வன்னிப் பெருநிலத்தையும் குடாநாட்டையும் இணைக்கும் அந்த ஒடுங்கிய பாதையில் இருபுறமும் கடனீரேரி வெள்ளித் தகடுபோற் கிடந்தது. பக்கக் காற்றில் கார் சற்றே ஆடிற்று. பின்னால் தேர் அசையவில்லை. பட்டிகளை இறுக்கிய கைகளுக்கு மனத்துள் நன்றி சொன்னேன். பளையில் பனைகள் தொடங்கின. கொடிகாமத்தில் பருத்தித்துறை வீதியிற் திரும்பியபோது மணி இரண்டு.

ஆச்சியின் வீட்டு ஒழுங்கைக்குச் சீமெந்து போட்டிருந்தார்கள். படலைக்கு உள்ளேயோ வெண்மணல். பெருமையோடு தேரைப் பூட்டிப் பிள்ளைகளை இருத்தி உள்ளே தள்ளினேன். மூன்று முழம் போனது. பின் சிறு சக்கரங்கள் மணலிற் புதைந்து அசைய மறுத்தன. திண்ணையில் இருந்த ஆச்சி நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "உது என்ன மோனை, கொழும்பில இருந்து தேர் கொண்டு வந்தனியே? எங்கட மணலுக்கு உது ஓடாது. பிள்ளையளை இங்கை கொண்டா" என்றார். அம்மா இருவரையும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார். நடுங்கும் விரல்கள் இரண்டு கன்னங்களையும் தொட்டன. "இப்பதான் கண்டன்" என்றார் ஆச்சி. அதற்குமேல் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

மூன்று நாள் தேர் திண்ணையோரத்தில் வீணே நின்றது. பிள்ளைகள் மாமரத்தின் கீழே விரித்த பாயிலும் மணலிலும் உருண்டார்கள். இதற்காகவா இத்தனை பாடு என்று நான் எண்ணியதுண்டு.

நான்காம் நாள் காலை வண்டியைத் தூக்கி ஒழுங்கையில் வைத்து, பிள்ளைகளை இருத்தினேன். ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு படலை வரை வந்தார். அவர் படலையைத் தாண்டி எட்டு மாதமாயிற்று. விழுந்துவிடுவோம் என்ற அச்சம். வண்டியின் நீண்ட கைபிடியைத் தொட்டுப் பார்த்தார். பின் பொல்லை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இரு கைகளாலும் அதனைப் பற்றினார். நான் ஒருபுறமும் அம்மா மறுபுறமும் பிடித்துக்கொள்ள, ஆச்சி ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். பதினெட்டு கிலோ பாரம் முன்னிருந்ததால் வண்டி வழுக்காமல் நிதானமாக உருண்டது. ஒழுங்கை முடியும் வைரவர் கோயில் வரை சென்று கும்பிட்டுத் திரும்பினார்கள், பூட்டியும் பூட்டப்பிள்ளைகளும். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவரிடம், "என்ரை தேரை இழுக்கிறன்" என்று ஆச்சி பெருமையோடு சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு இருந்த மூன்று நாளும் காலைதோறும் அந்தத் தேரோட்டம் நடந்தது. இரட்டைத் தள்ளுவண்டியில் மூவருக்கு இடமுண்டென்பதை எந்த அளவு நாடாவும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும் நாளில் மாம்பழம், முருங்கைக்காய், ஒடியல், பனாட்டு, ஒரு பலாப்பழம் யாவும் திண்ணையில் வரிசையாக வந்து அமர்ந்தன. நான் நாடாவைத் தேடினேன். அம்மா பொறுக்கவில்லை. தேரைச் சாய்த்துக் கட்டியதும், சரிந்த சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே அடியில் எஞ்சிய இடத்தில் பலாப்பழத்தைச் சாக்கிற் சுற்றி அசையாமல் இறுக்கினார். உடுப்புப் பைகளின் இடுக்குகளில் மாம்பழங்களைத் துணியிற் பொதிந்து செருகினார். சக்கரப் பையை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கதவோரம் வைத்தார். கதவை நான் மெல்ல இறக்கினேன். 'டக்' என்று பூட்டிற்று.

படலையில் பொல்லோடு நின்ற ஆச்சி பிள்ளைகளைப் பார்த்தார், பின் டிக்கியையும் ஒருமுறை பார்த்துக் கேட்டார்: "அடுத்த முறையும் அதைக் கொண்டு வருவியள்தானே?"

கொண்டு போவோம். இடம் இருக்கின்றது.